முத்திரையும் மனிதனும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் இமாம் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்பது நம் ஜமாஅத்தின் வழக்கம். தொழுகை, ஸகாத், பிள்ளைகளின் மார்க்கக் கல்வி ஆகியவை பற்றி ஜும்ஆ தோறும் பேசி வருகிறோம். இன்று சற்று வேறான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் நம் பள்ளிவாசல் அலுவலகத்தின் மேசைதான். முன்பெல்லாம் அங்கு கடிதம் கேட்டு வருவோர் திருமணத்திற்காகவோ, மையித்து அடக்கத்திற்காகவோ வருவார்கள். இப்போது வருவோரில் பலர் கேட்பது ஒன்றே: “ஹஜ்ரத், இந்தக் காகிதத்தில் உள்ளவரும் அந்தக் காகிதத்தில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்று எழுதித் தாருங்கள்.” அறுபது ஆண்டுகளாக ஊரறிய வாழ்ந்த ஒருவர், தாம் தாமேதான் என்று நிரூபிக்கக் கையில் காகிதக் கட்டோடு நிற்கிறார். இதனைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை.

மனிதனை அடையாளம் காட்டக் கருவியை நாடுவது நம் காலத்துப் புதுமை அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அரபு நாட்டுக்கு வெளியேயுள்ள மன்னர்களுக்குக் கடிதம் எழுத முற்பட்டபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். அப்போதுதான் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, “முஹம்மதுர் ரசூலுல்லாஹ்” என்ற வாசகம் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டது. அவ்வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுக்கப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால், போலியைத் தடுக்கும் ஏற்பாடு. புதிய கருவி ஒன்று அந்நியருக்கு நம்மை அறிவிக்கப் பயன்படுமாயின் அதனை ஏற்பதில் மார்க்கத்திற்குத் தயக்கமில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அந்த மோதிரத்தின் கதை அத்தோடு முடியவில்லை. அது அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரின் கைகளைக் கடந்து உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்து, அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடியும், நீரை இறைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. பின்னர் அவர்களின் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நேர்ந்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மிஸ்ருக்குத் திரும்பிக் கொண்டிருந்த கூட்டத்தார் வழியில் ஒரு தூதனைப் பிடித்தனர். அவனிடம் இருந்த கடிதம் அவர்களைத் தண்டிக்குமாறு ஆளுநருக்கு உத்தரவிட்டது. கடிதத்தில் இருந்தது கலீஃபாவின் முத்திரை! தாம் எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை, அதனை அறியவுமில்லை என்று உஸ்மான் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். ஒருவர் பெயரால் பிறர் எழுத முடியும், ஒரு முத்திரையைப் போல மற்றொன்றை வெட்ட முடியும், ஆகவே இரு சாட்சிகளைக் கொண்டு வாருங்கள், அல்லது என் சத்தியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர்களின் மறுமொழியின் சாரம். அக்கூட்டம் கண்முன் நின்ற மனிதரை நம்பவில்லை. முத்திரையின் அடையாளத்தை நம்பியது. அதன் விளைவு ஹிஜ்ரி 35ஆம் ஆண்டில் என்னவாயிற்று என்பது நீங்கள் அறிந்ததே. எழுத்து எழுத்தை ஒத்திருக்கக்கூடும், எனவே அது மட்டுமே தீர்ப்புக்குப் போதாது என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் எழுதி வைத்ததை மதரஸாவில் ஓதியபோது அது ஏதோ பழைய சட்ட நுணுக்கம் என்றே தோன்றியது. இப்போது நியாயவிலைக் கடை வாசலில் அதன் பொருள் விளங்குகிறது.

மோதிரத்தின் இடத்திற்கு விரல் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மீது பதிக்கச் செய்தார். பின்னாளில் கையொப்பத்தை மறுத்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம். ரேகைகளைச் சேர்த்து வைப்பது எளிது; ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கடினம். அதற்கு வழி கண்டவர்கள் வங்காளக் காவல்துறையில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். ரேகைகளின் வடிவை எண்ணாக்கி 1,024 அறைகளில் பிரித்து அடுக்கும் கணக்கை வகுத்தவர் ஹக். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கிற்று. 1901இல் லண்டனுக்கும் அம்முறை சென்றது. உலகமெங்கும் அதற்கு வழங்கிய பெயரோ “ஹென்றி முறை”! மனிதரைத் தவறாமல் அடையாளம் காட்டும் கணக்கை வகுத்தவரின் பெயரே அக்கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிற்று. பின்னாளில் அவருக்குக் கான் பகதூர் பட்டம் கிடைத்தது என்பது வேறு செய்தி.

அல்கியாமா அத்தியாயத்தின் நான்காம் வசனம் விரல்நுனிகளைப் பற்றிப் பேசுவதைச் சுட்டி, கைரேகை அறிவியலைக் குர்ஆன் அன்றே அறிவித்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகின்றனர். அவசரப்பட்டு அப்படிச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அவ்வசனம் மறுமையில் மனிதன் முழுமையாக எழுப்பப்படுவதைப் பற்றியது. காவல் நிலையத்து மைப்பெட்டிக்கு அதனைச் சான்றாக்குவது அதன் கண்ணியத்தைக் குறைப்பதாகும்.

காவல் நிலையத்து மைப்பெட்டி என்றேன். அது நம் மதுரைச் சீமையில் என்ன செய்தது என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1871இல் வட இந்தியாவிற்காக ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. சமணர் மலையின் அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடியின் கள்ளர் மக்கள் மீது 1914இல் அது பாய்ந்தது. பின்னர் பிரமலைக் கள்ளர் சமுதாயம் முழுமையின் மீதும் விரிந்தது. ஒருவன் திருடினானா என்று அச்சட்டம் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தான் என்று மட்டுமே கேட்டது. வயது வந்த ஆண்கள் தங்கள் விரல்ரேகையைப் பதிந்து தர வேண்டும். பதிவு செய்யப்பட்டவர்கள் இரவில் காவலர் முன் வருகை தர வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டிற்கு அம்மக்கள் வழங்கிய பெயர் “ராதாரிச் சீட்டு”. உருது ஓதியவர்களுக்கு இச்சொல் உடனே புலப்படும். வழிச்செலவு அனுமதியைக் குறிக்கும் ராஹ்தாரி என்ற நம் சொல்தான் அது. வணிகரின் சரக்கிற்கும் பயணத்திற்கும் இருந்த சொல், மணமுடித்த மகள் வீட்டிற்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய ஓர் எளிய உழவனின் மடியில் போய் அமர்ந்தது.

உசிலம்பட்டிப் பகுதியில் சேடபட்டிக்கு அருகே உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை அவ்வூருக்குள் புகுந்து சுட்டது. பதினாறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். எந்த மாபெரும் ஆட்சியையும் கவிழ்க்க அவர்கள் எழுந்துவிடவில்லை. கட்டை விரலை நீட்ட மாட்டோம் என்றார்கள், அவ்வளவே. ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் ஒருவன் ஓர் ஊரில் கெட்ட பெயர் வாங்கினாலும் வேற்றூர் சென்று நாணயமாக வாழ்ந்து புது மனிதனாகலாம். ரேகை பதிந்துவிட்டாலோ, எங்கு சென்றாலும் காவல் நிலையம் அவன் விரலிலேயே உடன் வரும். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதுவே சீதனம். அதனால்தான் இன்றும் அப்பகுதி முதியோர் அதனைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நூலில் உள்ளபடி கூறாமல் “ரேகைச் சட்டம்” என்கின்றனர். சட்டத்தின் பெயரை அவர்கள் மறந்திருக்கலாம். விரலுக்கு நேர்ந்ததை மறக்கவில்லை.

அம்மக்களுக்காக மதுரை நீதிமன்றங்களில் வாதாடியவர் செங்கண்ணூரிலிருந்து வந்து மதுரையில் குடியேறிய ஜார்ஜ் ஜோசப். காந்தியடிகளின் “யங் இந்தியா” இதழின் ஆசிரியராக இருந்தவர். 1938இல் மதுரையிலேயே மறைந்தார். சொந்த சமயத்தாரும் அல்லர், சொந்தச் சாதியாரும் அல்லர், சொந்த மொழியாரும் அல்லர். அம்மக்கள் அவரை “ரோசாப்பு துரை” என்று அன்போடு அழைத்தனர். அரசு ஒரு சமுதாயத்திற்குப் பெயர் சூட்டிற்று. அச்சமுதாயம் தனக்காகப் பேசியவருக்குப் பெயர் சூட்டிற்று. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் தொடர்ந்த போராட்டத்திற்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடெங்கிலும் அச்சட்டம் நீங்கியது.

இதனை நான் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் நியாயவிலைக் கடையில் நீட்டும் விரலும் அதே விரல்தான். நோக்கம் வேறு என்பதை மறுக்கவில்லை. அன்று அடக்குவதற்குப் பதிந்தார்கள். இன்று அரிசி தருவதற்குப் பதிகிறார்கள். 2010 செப்டம்பர் 29இல் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டபோது, எந்த ஆவணமும் இல்லாத ஏழைக்கு அடையாளம் தருவதே குறிக்கோள் என்றனர். பலருக்கு அது உண்மையாகவும் ஆயிற்று. வாடகை வீடு மாறி மாறி, ஒரு காகிதமும் மிஞ்சாத ஏழைகள் பலரை வங்கி வாசற்படி ஏற வைத்தது அந்தப் பன்னிரண்டு இலக்கம்தான். இதனை மறைத்துப் பேசுவது நீதியாகாது.

ஆனால் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை முறை வந்தபோது கண்டது என்ன? சிமெண்டுக் கலவை குழைத்த கொத்தனாரின் விரல், வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிய மூதாட்டியின் விரல், சாயத் தொட்டியில் ஊறிய தொழிலாளியின் விரல் ஆகியவற்றை இயந்திரம் ஏற்க மறுத்தது. உழைத்து உழைத்து ரேகை தேய்ந்துவிட்டது! உழைக்காத விரலை உடனே அறிந்துகொள்ளும் கருவி, உழைத்த விரலை மட்டும் யாரென்று கேட்கிறது. பெண்மக்கள் இதற்குள் இன்னொரு பாடமும் கற்றுக்கொண்டார்கள்: விசாவுக்கு ரேகை கொடுக்கும் நாள் நெருங்கினால் விரல்நுனியில் மருதாணி இடுவதில்லை. பெருநாள் மருதாணியின் அளவைக்கூட இயந்திரம் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது.

ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, உணவின்றி இறந்தாள் என்று தாய் கூறினார். அரசுத் தரப்பு நோயே காரணம் என்றது. அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் உண்மை. 2018 செப்டம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, தனியார் நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகக் கேட்பதற்கு இடமளித்த பிரிவை நீக்கியது. ரேகை பொருந்தாத காரணத்தால் மட்டும் ஒருவருக்கு உதவியை மறுக்கலாகாது என்ற கருத்தும் அங்கு வலியுறுத்தப்பட்டது. நம் மாநிலத்திலும் மக்கள் குரல் எழுப்பிய பின்னரே மாற்றங்கள் வந்தன. கருவிழியைப் பதியும் கருவி வந்தது. நடமாட இயலாதவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்துப் பொருள் பெற வழி வந்தது. 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீட்டிற்கே பொருளைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. ஆக, இயந்திரம் நம்மை வளைக்கிறது என்பது பாதிச் செய்திதான். வாய் திறந்து கேட்டால் இயந்திரமும் வளைகிறது. கடை வாசலிலிருந்து வெறும் பையோடு, நாணத்தோடு வீடு திரும்பி எவரிடமும் கூறாதிருப்பவரே இழப்புக்கு உள்ளாகிறார்.

உஸ்மான் (ரலி) அவர்களின் முத்திரைக்கு நேர்ந்தது இன்று விரலுக்கும் நேர்கிறது. பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள ரேகையைப் படியெடுத்து, சிலிக்கான் போன்ற பொருளில் போலி விரல் செய்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் தெலங்கானா, கர்நாடகம் முதலிய மாநிலங்களில் பதிவாகியுள்ளன. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள முடியுமா? பயன்படுத்தாத நேரத்தில் ரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையத்தின் செயலியிலேயே வசதி உள்ளது. நம் பெரியவர்களின் கைப்பேசியில் அதனைச் செய்து கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கைப்பேசியில் இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர்கள் அந்த ஐந்து நிமிடத்தைத் தரலாம்.

இனி, பெயர். அலுவலக மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இதனைப் பற்றியதே. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அத்தாவின் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். நம் பெயர் பின்னே நிற்கும். மதுரையில் சிக்கந்தர் என்றும், வேண்டுதலால் பிறந்த பிள்ளைக்கு நாகூர் மீரான் என்றும் வைப்பார்கள். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஊரும் நேர்ச்சையும் தெரியும். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற பட்டங்கள் அழைப்பிதழில் இருக்கும், படிவத்தில் இரா. பெண்களுக்கோ பள்ளிச் சான்றிதழில் பாத்திமா பீவி, குடும்ப அட்டையில் பாத்திமா, வங்கியில் பாத்திமா அம்மாள், நம் நிக்காஹ் தஃப்தரில் ஃபாத்திமா. நமக்கு நால்வரும் ஒருவரே. இயந்திரத்திற்கோ நான்கு பெண்கள்! முஹம்மது என்ற திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் நம் ஜமாஅத்திலேயே ஏழெட்டு வகைகளைக் காணலாம்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, பயண விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அடுத்த பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பதற்றம்! வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் நிலையைப் பாருங்கள். படிவத்தின் கட்டத்தை நிரப்ப அத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கியதால், அங்கு அனைவரும் அவனை அத்தாவின் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். பல ஆண்டுகள் அவ்வாறு அழைக்கப்பட்டவன் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிடுகிறான். அவனுடைய சொந்தப் பெயர் அம்மாவின் தொலைபேசி அழைப்பில் மட்டும் மிஞ்சி நிற்கிறது. 2024 முதல் ஹஜ்ஜிலும் நுஸுக் அட்டையின்றி மினாவிற்குள் புக முடியாது. அரசனையும் ஆண்டியையும் ஒன்றாக்கும் இஹ்ராம் துணியின் மேல் அட்டையொன்று தொங்குகிறது. பல இலட்சம் பேரின் பாதுகாப்பிற்கு அது தேவை என்பதை ஏற்கிறேன். என்றாலும் கண்ணுக்கு உறுத்தலாகவே உள்ளது.

மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டனர் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கருத்து. அறிந்துகொள்ளுதல் என்பது மனிதர் செய்யும் வேலை. பொருந்துகிறதா, பொருந்தவில்லையா என்று மட்டுமே இயந்திரம் சொல்லும். அது ஒரு சாட்சி, நீதிபதி அன்று. ஒரு சாட்சி தடுமாறும்போது மற்றொரு சாட்சி வேண்டும். நிக்காஹ்வுக்கு இரு சாட்சிகளை நிறுத்தும் நாம், நம் பக்கத்து வீட்டு முதியவர் உயிரோடிருப்பதற்குச் சாட்சியாகச் செல்வதில்லை. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். 2014 முதல் அதனை விரல்ரேகை மூலமும், 2021 முதல் முகத்தைக் காட்டியும் மின்னணு முறையில் செய்யலாம். வீட்டிலிருந்தே முடியும் என்பதை அறியாமல் நவம்பர் மாதம் ஆட்டோ பிடித்து அலையும் முதியோர் நம் தெருக்களிலேயே உள்ளனர்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் சில வேண்டுகோள்கள். நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் பெயரை எழுதுமுன் இருவரின் பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் வாங்கிப் பார்க்க வேண்டும். மார்க்கப்படி அழைக்கப்படும் பெயர் வேறாயின் அதனையும் பக்கத்தில் எழுதும்படி ஒரு பத்தி சேர்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்தச் சமயத்தாராயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். அங்கு சென்ற பின் எழுத்து வேறுபாடு தெரியவந்தால் அலைச்சல் பெண் வீட்டாருக்குத்தான். குழந்தை பிறந்தால் பெயரை ஓராண்டுக்குள் பிறப்புப் பதிவில் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த நாளுக்கான ஆவணம் அந்தச் சான்றிதழ் ஒன்றே. அகீகா விருந்திற்கு எத்தனை ஆடு என்று கணக்கிடும் அன்றே பெயரின் எழுத்தையும் முடிவு செய்யுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, மறைந்த பெற்றோரின் பெயர் பழைய பட்டியலில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று தேடிய அனுபவம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இளைஞர்களில் அறுவர் வியாழன் தோறும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் அமர இசைந்துள்ளனர். ரேகை பொருந்தாததால் பொருள் கிடைக்காதவர்கள், ஓய்வூதியம் நின்றவர்கள், பெயர் வேறுபட்டு நிற்பவர்கள் யாராயினும் வரலாம். ஜமாஅத் உறுப்பினர்தானா என்று கேட்க வேண்டாமென அவர்களிடம் கூறியிருக்கிறேன். நம் தெருவில் பூ விற்கும் அம்மாவும் வரட்டும். தங்கள் பகுதியில் வெளியே நடமாட இயலாதவர் எவரேனும் இருப்பின், அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். பெயரை ஊரார் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே எழுதினால் போதும்.